மஞ்சப்பைக்குள் ஐந்து டாக்டர்கள்

அக்கா, என் மகனுக்கு 14 வயது. வில்சன் நோய் என்று போன வருடம் கண்டுபிடித்தார்கள். ஈரலுக்கு மதுரையில் ஒரு டாக்டர், கை நடுக்கத்துக்கு இன்னொரு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர், கண்ணுக்கு ஒருவர், பள்ளிக்கூடத்தில் எரிந்து விழுகிறான் என்பதால் மனநல டாக்டர் ஒருவர், சளி காய்ச்சலுக்கு ஊரில் ஒருவர். ஐந்து பேரும் ஐந்து சீட்டு எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டில் நண்டு, கணவாய் ஆக்கும்போது அவனுக்கும் கொஞ்சம் கொடுக்கலாமா? இவனுக்கு ஒரு தங்கை, 9 வயது. அவள் நன்றாக இருக்கிறாள்.
- ஒரு அம்மா, தொண்டி

போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மகளையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள், இந்த மாதமே.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு சேர்ந்தால்தான் வில்சன் நோய் வரும். ஒன்று மட்டும் இருக்கிற உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் எந்தத் தொந்தரவும் தெரியாது. உங்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டியவர்கள் வீட்டில் கூடுதலாக வரும், அந்நியத்தில் கட்டியவர்கள் வீட்டிலும் வரும். 'யார் வழியில் வந்த சீக்கு' என்று பேச்சு எழுந்தால், இரண்டு வழியிலும் பாதிப் பாதி என்று சொல்லி வாயை அடைத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் வரும் செம்புச் சத்தில் மிச்சமானதைப் பித்தநீர் வழியாக வெளியே தள்ளுவது ஈரலின் வேலை. அது நடக்காமல் போனால் செம்பு முதலில் ஈரலில் தங்கும், அப்புறம் மூளைக்கும் கண்ணுக்கும் போகும். பல வருடம் சத்தமில்லாமல் சேரும். ஓடி ஆடுகிற 9 வயதுப் பிள்ளைக்கும் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கலாம். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்கிற செம்பைச் சுமக்கும் புரதம், ஈரல் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீர், கண் டாக்டரிடம் ஸ்லிட் லேம்ப் என்கிற விளக்குக் கருவிப் பரிசோதனை என்று பார்ப்பார்கள். அண்ணனுடைய மரபணு ரிப்போர்ட் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள், அதே பழுது தங்கைக்கு இருக்கிறதா என்று நேராகத் தேடலாம். இருக்கிறது என்று தெரிந்தால் நோய் தலைகாட்டும் முன்பே மருந்து தொடங்கிவிடுவார்கள். ஐந்து டாக்டரில் ஒருவர்கூடவா கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்கவில்லை? கேட்டிருப்பார்கள், ஓபி கூட்டத்தில் உங்கள் காதில் விழுந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம்.

சரி, ஐந்து டாக்டர் விஷயத்துக்கு வருவோம். ஈரல், மூளை, கண், மனசு என்று போகிற நோய்க்கு ஐந்து பேர் அதிகம் இல்லை. ஆனால் மருந்தை மாற்றுகிற கை ஒன்றாக இருக்கவேண்டும். உடம்பில் சேர்ந்த செம்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரைதான் பெனிசில்லமைன். அடுத்த முறை ஈரல் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நேராகக் கேளுங்கள்: "சார், பெனிசில்லமைனைக் கூட்டுவது குறைப்பது நீங்களா, நரம்பு டாக்டரா?" இதற்குப் பதிலாக ஒரு பெயர் வரவேண்டும். அந்தப் பெயரை ஃபைலின் மேலட்டையில் எழுதுங்கள். மற்ற நான்கு பேரிடமும் போய் உட்கார்ந்தவுடன் முதல் பேச்சாக அதைச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெனிசில்லமைன் தொடங்கிய முதல் மாதங்களில் சிலருக்கு நடுக்கம் கூடுவதுண்டு. அதைப் பார்த்து ஒருவர் நிறுத்தச் சொல்லி, அது மற்றவருக்குத் தெரியாமலே போனால் ஆபத்து. இந்த மருந்தைத் திடீரென்று விட்டவர்களுக்கு ஈரல் முழுசாகச் செயலிழந்து உயிருக்கே வந்திருக்கிறது. மனநல டாக்டரிடமும் வில்சன் என்று மறக்காமல் சொல்லுங்கள். எரிந்து விழுவது நோயின் வேலையாகவே இருக்கலாம். இன்னொன்று, மனநலத்துக்குத் தருகிற சில மருந்துகள் இந்தப் பிள்ளைகளுக்குக் கை கால் விறைப்பைக் கூட்டிவிடும்.

மாத்திரை நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெனிசில்லமைன் வெறும் வயிற்றில் போகவேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது இரண்டு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து மாத்திரையோ, துத்தநாக மாத்திரையோ, வயிற்றெரிச்சலுக்கான மருந்தோ கூடவே போனால் அது வேலை செய்யாது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்று ஃபைல் அட்டையில் பெயர் எழுதிய அந்த டாக்டரைக் கேட்டு, வகுப்பு டீச்சருக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்குகிற சத்து மாத்திரைகளில் செம்பும் சேர்த்திருப்பார்கள், அட்டையைத் திருப்பிப் படிக்காமல் கொடுக்காதீர்கள். பெனிசில்லமைன் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி6 கூட எழுதுவார்கள். 'சத்து மாத்திரைதானே' என்று நம் ஜனங்கள் முதலில் நிறுத்துவது அதைத்தான்.

நண்டு, கணவாய்க்கு வருவோம். மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. தொண்டிப் பிள்ளையிடம் நண்டு சாப்பிடாதே என்பது பெரிய தண்டனை. ஆனால் நண்டு, கணவாய், சிங்கி இறால், சிப்பி, ஆட்டு ஈரல், காளான், முந்திரி, சாக்லேட் எல்லாவற்றிலும் செம்பு அதிகம். சிகிச்சையின் முதல் வருடமாவது இவை வேண்டாம். அப்புறம் அளவு கட்டுக்குள் வந்தால் டாக்டரே கொஞ்சம் தளர்த்துவார். மீனுக்குத் தடை இல்லை. நகரை, விளமீன், பாறை என்று நம் கடலில் மீனுக்கா பஞ்சம்? நண்டு ஆக்குகிற அன்றைக்கு அவனுக்கென்று நாலு நகரை பொரித்து வையுங்கள். செம்புக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே குடத்தைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

24 மணி நேரச் சிறுநீர் பிடிப்பது பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. கேனை லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக் கேன் ஆகாது. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைப் பிடிக்கக்கூடாது, அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எல்லாவற்றையும் பிடித்து, மறுநாள் அதே நேரத்தில் போவதையும் சேர்த்து மூடவேண்டும். ஒரு வேளை தவறினாலும் கணக்குத் தப்பு. கேனைத் துணிப்பையில் மறைத்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்படவேண்டாம் தாயி, கண்டக்டரிடம் மருந்து என்று சொல்லிவிடுங்கள்.

*

அக்கா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை தளர்கிற நோய் என்று சொல்லி 8 மாதமாக மருந்து சாப்பிடுகிறார். போன மாதம் காய்ச்சலுக்கு உள்ளூரில் ஒரு ஊசி போட்டோம். அன்று ராத்திரி இமை தூக்க முடியவில்லை, குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மறுபடியும் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இனி கடலுக்குப் போகலாமா?
- மீனவர் மனைவி, பாம்பன்

சம்பந்தம் இருந்திருக்கலாம். காய்ச்சலேகூட இந்த நோயைக் கூட்டும் என்பதால் ஊசி மேல் மட்டும் பழி போட முடியாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தம்பிக்கு இதே நோய்.

தம்பி ஐஸ் மீன் கம்பெனியில் பெட்டி அடுக்குகிற வேலை செய்தான். 2019-ல் சாயங்காலமானால் இடது கண் இமை இறங்கும், பேச்சு குழறும். குடித்துவிட்டு வருகிறான் என்று தெருவே பேசியது. என் அம்மாவும் நம்பினார். ஆஸ்பத்திரிக்குக் காலை ஓபிக்குப் போவோம். ராத்திரி தூங்கி எழுந்த உடம்பு, இமை திறந்து, பேச்சு தெளிந்து, டாக்டர் முன்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பான். 'ஒன்றுமில்லை, தூங்கு, தண்ணீர் குடி' என்று அனுப்பிவிடுவார்கள். தசை உழைக்க உழைக்கத் தளர்ந்து, ஓய்வில் தேறுவதுதான் இந்த நோயின் குணம். 33 வருடம் நர்ஸாக இருந்த எனக்கே அது உறைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் அவன் மகள் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா முகத்தை போனில் படம் எடுத்து வைத்தாள். அந்தப் படத்தைப் பார்த்த ஒரு இளம் டாக்டர் நர்ஸிடம் ஐஸ் கேட்டார். தம்பி, "இதுக்கு எதுக்கு சார் காத்திருக்கணும், கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பெட்டி வரும்" என்றான். கண்ணை மூடச் சொல்லி இமை மேல் இரண்டு நிமிடம் ஐஸ்கட்டியை வைத்தார். எடுத்ததும் இமை தூக்கிக்கொண்டு நின்றது. குளிரில் இந்தத் தசைகள் கொஞ்சம் தேறும். வாழ்க்கை முழுக்க ஐஸில் நின்றவனுக்கு ஐஸை வைத்தே நோய் தெரிந்தது. அப்புறம் ரத்தப் பரிசோதனை, நெஞ்சில் தைமஸ் சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எல்லாம் நடந்தது.

2023 ஜனவரியில் அவனுக்குச் சளி, காய்ச்சல். 'சாதாரணக் காய்ச்சல்தானே' என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனான். ஃபைல் இருக்கிற மஞ்சப்பை வீட்டு ஆணியில் தொங்கியது. மயஸ்தீனியா என்று அவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரு ஊசி, மூன்று நாளைக்கு அஜித்ரோமைசின். மறுநாள் ராத்திரி மல்லாந்து படுக்க முடியவில்லை, மூச்சு மேலே மேலே வாங்கியது. பாம்பன் பாலத்தில் ரயில் நின்று போயிருந்த காலம் அது, ரயில் ஏற மண்டபம்தான் போகவேண்டும். 108-ல் பாலத்தைத் தாண்டும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் எண்ணு, எண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நல்ல நாளில் 30 வரை எண்ணுவான். அன்று 7-ஐத் தாண்டவில்லை. மதுரையில் 9 நாள் வென்டிலேட்டர். அந்த கிளினிக் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நர்ஸ் அக்கா ஒருத்தி அடுத்த தெருவில் இருந்துகொண்டு அந்தப் பையைக் கையில் கொடுத்து அனுப்பாமல் இருந்தாளே, அந்தக் கணக்கை எங்கே எழுதுவது?

அதனால் நான் செய்ததை நீங்களும் செய்யுங்கள். ஒரே ஒரு தாள். ஃபைல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அவசரத்தில் யாரும் அதைப் படிக்கமாட்டார்கள். தாளின் தலையில் நோயின் பெயர், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். கீழே தினமும் சாப்பிடுகிற மாத்திரை, அளவு, நேரம். அதற்குக் கீழே சிவப்பு மையில் தவிர்க்கவேண்டிய மருந்துகள்: ஜென்டாமைசின், அமிகாசின், சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின், அஜித்ரோமைசின், மெக்னீசியம் ஊசி, படபடப்புக்குத் தரும் புரோப்ரனலால், மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின். இந்தப் பட்டியலை உங்கள் நரம்பு டாக்டரிடம் காட்டிக் கூட்டிக் குறைத்து, கீழே கையெழுத்து வாங்குங்கள். நாம் எழுதிக் காட்டினால் 'கூகுள் பார்த்து வந்தீங்களா' என்பார்கள். டாக்டர் கையெழுத்து இருந்தால் ஊசியை எடுத்த கை ஒரு நிமிடம் நிற்கும். வேறு வழியே இல்லாத கட்டத்தில் இவற்றில் ஒன்றைக் கொடுக்கவேண்டியும் வரலாம். அப்போது தெரிந்து, பக்கத்தில் நின்று கவனித்துக் கொடுப்பார்கள்.

அப்புறம் ஒரு வரி, 'நல்ல நாளில் இவர் எப்படி இருப்பார்.' இது ரொம்ப முக்கியம். முதன்முதலாகப் பார்க்கிற டாக்டருக்கு, இந்த இறங்கிய இமை வழக்கமானதா இன்றைக்கு வந்ததா என்று எப்படித் தெரியும்? கடைசியாக நரம்பு டாக்டர் ஓபி போன் எண்ணும் வீட்டு ஆள் எண்ணும். தாளை லேமினேட் செய்து ஒன்று அவர் சட்டைப்பையில், ஒன்று வீட்டுக் கதவுக்குப் பின்னால், ஒன்று உள்ளூர் டாக்டரிடம். அந்த உள்ளூர் டாக்டரோடு கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கப்போகிறவர் அவர்தான். ஒரு நாள் காய்ச்சல் இல்லாதபோது போய், இந்தத் தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

விழுங்கமுடியாமல் போனால், குரல் மூக்கால் வந்தால், படுத்தால் மூச்சு வாங்கினால், ஒரே மூச்சில் 20 வரைகூட எண்ண முடியாவிட்டால் விடியட்டும் என்று இருக்கவேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடலுக்குப் போவதை நரம்பு டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். என் அபிப்பிராயம் கேட்டால், இப்போது வேண்டாம். தண்ணீர் மூக்கு வழியாக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வெயிலும் புழுக்கமும் இதைக் கூட்டும், பார்வை இரண்டாகத் தெரியும், நடுக்கடலில் 108 வராது. இந்த நோய்க்குத் தருகிற பிரிடோஸ்டிக்மின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும், ராத்திரி முழுக்க வலை இழுக்கிறவன் மணி பார்த்துச் சாப்பிடுவானா? கரையில் வலை பின்னுகிற வேலை, ஏலக்கூடத்து வேலை என்று கொஞ்ச காலம் பாருங்கள். டாக்டர் சரி சொன்ன பிறகு போவதாக இருந்தால், ராமேஸ்வரம் படகு போகிற திங்கள், புதன், சனி போக மற்ற நாளில் ஓபி வருகிற மாதிரி தேதி கேட்டு வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான். வருடாந்தர ஸ்கேன், கண், சர்க்கரை, எலும்பு, பல் என்று ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் பார்க்கவேண்டிய எல்லாவற்றையும் அந்த 61 நாளுக்குள் முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் தடைக்காலத்துக்கு 'ஆஸ்பத்திரி சீசன்' என்றே பெயர் வந்துவிட்டது.

*

நான் துபாயில் இருக்கிறேன். வாப்பாவுக்கு அபூர்வமான நோய் ஒன்று. ரிப்போர்ட் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டு நானே டாக்டர்களுக்கு அனுப்புகிறேன். போதுமா?
- மகன், கீழக்கரை

பாதி போதும் தம்பி. ரத்த ரிப்போர்ட்டுக்கு அது சரி. ஸ்கேனை ட்யூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எடுக்கிற படத்தை வைத்து எந்த டாக்டரும் முடிவெடுக்கமாட்டார். ஸ்கேன் சென்டரில் படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், எடுத்த அன்றே கேட்டால் தருவார்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் வையுங்கள், தானாக வரிசைப்படும். ஓபிக்குள் போகும்போது வீடியோ காலில் சேர்ந்துகொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சட்டென்று போனை நீட்டினால் அவருக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் உண்டு. உம்மாவிடம் தாளில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கவேண்டும். உங்கள் போன் அணைந்திருக்கிற நேரத்தில்தான் வாப்பாவுக்கு முடியாமல் போகும்.

*

அக்கா, நான் மண்டபம் ஒன்றியத்தில் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ். அபூர்வ நோய் உள்ளவர்கள் 'பெரிய டாக்டர் பார்க்கிறார்' என்று எங்களிடம் ஃபைலையே காட்டுவதில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அந்த நோய்களைப் பற்றித் தெரியாது.
- பெயர் வேண்டாம்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு அம்மா ஞாபகம் வந்தார். உச்சிப்புளி பக்கம், பெரிய ஃபைலோடு காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வந்தவர். "இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள், இங்கே எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். எனக்குத் தெரியாததை மறைக்கத்தான் அந்த வேகம். அவர் அப்புறம் வரவே இல்லை.

தெரியாது என்று சொல்வதில் குறைச்சல் இல்லை. "இந்த நோய் எனக்குப் புதுசு, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுப்பாருங்கள், அந்த வீட்டு ஆள் உங்களுக்குப் பாடமே எடுப்பார். கிராம சுகாதார நர்ஸோடு உட்கார்ந்து, உங்கள் எல்லையில் இப்படி எத்தனை வீடு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நாலைந்து வீடுகூடத் தேறாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் அந்தத் தெருவுக்குப் போகும்போது பிஸியோதெரபிக்கும் வலி நிவாரணக் கவனிப்புக்கும் இவர்களையும் சேர்த்துவிடலாம். ரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, எடை பார்த்து எழுதுவது எல்லாம் உங்களிடமே நடந்தால் அவர்களுக்கு ஒரு மதுரைப் பயணம் மிச்சம். இ-சஞ்சீவனி என்கிற அரசு வீடியோ மருத்துவச் சேவையில் சிறப்பு டாக்டரைப் பிடிக்கும்போது நோயாளி பக்கத்தில் நீங்களும் இருந்தால் பாதி நேரம் மிச்சமாகும்.

*

என் மகனுக்கு 9 வயது. டுஷேன் தசைச்சிதைவு. நடை குறைந்துகொண்டே வருகிறது. இதய எக்கோ ஒரு நாள், பிஸியோ ஒரு நாள், நரம்பு டாக்டர் ஒரு நாள் என்று தனித்தனித் தேதி கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மதுரை போய் வர முடியவில்லை. என் முதுகும் போய்விட்டது.
- தாய், சாயல்குடி

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு துறைக்கும் ஓபி நாள் வேறு வேறு. யாரும் உங்களுக்காகச் சேர்த்துத் தரமாட்டார்கள், நீங்கள்தான் சேர்க்கவேண்டும். அடுத்த முறை போகும்போது ஒவ்வொரு அறை வாசலிலும் எழுதியிருக்கிற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு துறை ஒரே நாளில் விழுகிற கிழமையைப் பிடித்து, "சார், நாங்கள் சாயல்குடியிலிருந்து வருகிறோம், பிள்ளை நடக்கமாட்டான், தேதியை அந்தக் கிழமைக்கு மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். எக்கோ, ரத்தம், எக்ஸ்ரே போன்றவற்றை ராமநாதபுரத்திலேயே எடுத்துக்கொண்டு வரலாமா என்றும் கேளுங்கள்.

பிள்ளைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால், மாத்திரை தீர்ந்துபோய் நாலு நாள் இடைவெளி விழ விடாதீர்கள். பல் பிடுங்குவது என்றால்கூட மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் மேசையில் படுக்க வைக்கக்கூடாது. இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாத மயக்க மருந்துகள் உண்டு. தசைச்சிதைவு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சொல்லியிருக்கிற 21 வகைகளில் ஒன்று. அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, பஸ் கட்டணச் சலுகை, சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் சாவி.

உங்கள் முதுகு பற்றி எழுதினீர்கள், இதயத்தைப் பற்றி எழுதவில்லை. இந்த மரபணுப் பழுது அம்மாவிடம் இருந்தால் அம்மாவுக்கும் வயதாக ஆக இதயத் தசை பலவீனமாகலாம். மகனுக்கு எக்கோ எடுக்கிற அன்றைக்கே உங்களுக்கும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அவனுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களைப் பற்றியும் கேளுங்கள்.

*

அபூர்வ நோய்க்கு மத்திய அரசு 50 லட்சம் தருகிறதாமே, யாரிடம் மனு கொடுப்பது?
- வாசகர், ராமேஸ்வரம்

மனுவைக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்துப் பிரயோஜனமில்லை. 2021-ல் வந்த தேசிய அபூர்வ நோய்க் கொள்கையில் 50 லட்சம் வரை என்று இருக்கிறது, ஆனால் பணம் நம் கைக்கு வராது. இதற்கென்று குறித்திருக்கிற உயர் சிறப்பு மையத்தில் பதிந்து, அவர்கள் தகுதி பார்த்து, சிகிச்சைக்கு அவர்களிடமே போகும். தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படி ஒரு மையம். பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும்தான். பட்டியலில் உங்கள் நோய் இருக்கிறதா என்று இப்போது பார்க்கிற டாக்டரிடமே கேட்டு, ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு சென்னைக்கு ரயில் ஏறாதீர்கள்.

*

எல்லா டாக்டர் தேதியும், எல்லா மாத்திரையும், எல்லா ரிப்போர்ட்டும் என் தலைக்குள்தான் இருக்கிறது. ஒரு நாள் நான் படுத்துவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று தூக்கம் வரவில்லை.
- மனைவி, தேவிபட்டினம்

எனக்கும் வராது. போன வருடம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் எதையும் படிக்க முடியாது. அப்போதுதான் தம்பியின் மஞ்சப்பையை முதன்முறையாக வேறொரு ஆளிடம் கொடுத்தேன், பிளஸ் டூ படிக்கிற அவன் மகளிடம். கொடுக்க மனசே வரவில்லை. சின்னப் பிள்ளை, தொலைத்துவிடும், தப்பாகப் படிக்கும் என்று ஆயிரம் யோசனை. அவளோ எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பழைய சீட்டுகளை ஒதுக்கி, நான் எழுதிய தாளைத் திருத்தி வேறு எழுதிவிட்டாள். அதிலும் குறை சொன்னேன், எழுத்து சின்னதாக இருக்கிறதென்று.

நீங்களும் வீட்டில் ஒருவரைப் பிடியுங்கள். மகனோ, மருமகளோ, பக்கத்து வீட்டு நர்சிங் படிக்கிற பிள்ளையோ. மாதத்தில் ஒரு ஓபிக்கு அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருங்கள். முதல் தடவை ஏதாவது ஒன்றை மறந்துவிட்டுத்தான் வருவார்கள், வரட்டும்.

'நல்ல நாளில் இவர் எப்படி இருப்பார்' என்ற வரியில் நான் 'இமை இறங்காது, பேச்சு தெளிவு, 30 வரை எண்ணுவார்' என்று எழுதியிருந்தேன். அவள் அதை அடித்துவிட்டு, 'நல்ல நாளில் அப்பா விசிலடிப்பார்' என்று எழுதியிருந்தாள். உதடு குவிகிற தசைக்கும் வலு இருந்தால்தானே விசில் வரும், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். அடுத்த ஓபியில் டாக்டர் அதைப் படித்துவிட்டு, "எங்கே, ஒன்னு அடிங்க பார்ப்போம்" என்றார். தம்பி அடித்தான். வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.